பலகைப் பொய்

எங்கள் தொழிற்சாலை வாசலில், வருகை அட்டை குத்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு கரும்பலகை இருந்தது. அதில் தினமும் ஒரு புதுச் சொல்லும், அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியமும் எழுதுவது ஒரு பெண்ணின் வேலை. அவளைப் பலகை அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். பன்னிரண்டு வருடத்தில் அவள் எழுதிய வாக்கியங்களில் ஒன்றே ஒன்றுதான் உண்மை. அதை நாங்கள் அறுபது பேரும் நோட்டில் எழுதிக்கொண்டு, அர்த்தமும் புரிந்துகொண்டு, நேராக உள்ளே போனோம்.

மீனையும் காய்கறியையும் உறையவைத்துப் பெட்டியில் அடைத்து அனுப்பும் இடம் அது. நாலு குளிர் அறைகள். கூரையை ஒட்டி, அறையைக் குளிரவைக்கும் அம்மோனியா ஓடும் குழாய்கள். அவற்றின் மேல் எப்போதும் வெள்ளையாகப் பனி பிடித்திருக்கும். அறை வாசலில் தடித்த பிளாஸ்டிக் திரை பட்டை பட்டையாகத் தொங்கும். நான் வெளியே வண்டியில் பெட்டி ஏற்றுகிறவன். வாய் ஓயாது என்பதால் எனக்கு வாயாடி என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பெருமையாக இருந்த காலம் ஒன்று உண்டு.

நான் சேர்வதற்கு முன்பு, 'மின்கசிவு உள்ளது' என்று ஒட்டியிருந்த காகிதத்தை ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அர்த்தம் தெரியாமல் அந்தப் பெட்டிமேலேயே கையை வைத்தாராம். இரண்டு விரல் போயிற்று. எங்களில் பாதிப் பேர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். அதற்குப் பிறகு மேலிடம் ஒரு விதி போட்டது. அறிவிப்புகளில் வரப்போகும் கடினமான சொற்களை முன்கூட்டியே ஆட்களுக்குப் பழக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் தலைமை அலுவலகத்திலிருந்து ஆறு சொற்கள் வரும். நாளுக்கு ஒன்று பலகையில் ஏறும். வரிசையில் நின்றபடியே அதை நோட்டில் எழுத வேண்டும். கீழே நம் சொந்த வாக்கியம் ஒன்றும் எழுதிக் காட்டினால்தான் அட்டை குத்த விடுவார்கள்.

அக்கா அதுவரை ஸ்டோரில் கையுறையும் பூட்ஸும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் இந்த வேலை வந்தது. வந்த பிறகுதான் அவளுக்குள் இருந்த கிறுக்கு வெளியே தெரிந்தது. ஒரு வாக்கியத்துக்காக முந்தின நாள் முழுக்க யோசிப்பாள்.

"அகராதியத் தூக்கிப் பரண்ல போடு. சொல்லுக்கு முன்னாடி என்ன இருக்கு, பின்னாடி என்ன இருக்குன்னு பாரு. அர்த்தம் அங்கதான் உக்காந்திருக்கும்" என்பாள். "என் வாக்கியத்தப் படிச்சுட்டு ஒருத்தன் புரியலன்னு சொன்னா, அன்னைக்கே சாக்பீஸைக் கீழ வச்சுடறேன்."

சும்மா சொல்லக் கூடாது, பன்னிரண்டு வருடமும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. 'விதிவிலக்கு' என்று ஒரு சொல் வந்தது. "எல்லோரும் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும், கால் ஒடிந்த கிளார்க்குக்கு மட்டும் விதிவிலக்கு, அவர் செருப்போடு வரலாம்" என்று எழுதினாள். அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? 'உருகுநிலை' வந்த அன்று, "வாயாடி கதை பேசி முடிப்பதற்குள் பெட்டியிலிருந்த பனிக்கட்டி உருகுநிலைக்கு வந்து தண்ணீராக ஓடிவிட்டது" என்று என்னையே பலகையில் ஏற்றினாள். ஒரு வாரம் என்னைக் கேலி செய்தே கொன்றார்கள். எங்களையே பாத்திரமாகப் போட்டு, நடக்காததை நடந்ததாக எழுதுவது அவள் வழக்கம். தெரிந்த முகம் இருந்தால் சொல் மனதில் நிற்கும் என்பது அவள் கணக்கு.

அக்காவுக்கு ஒரு தங்கை. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போன பிறகு அக்காதான் தாய்க்குத் தாயாக வளர்த்தாள். இரண்டு பேரும் ஒரு மாடி அறையில் இருந்தார்கள். தங்கைக்கு இருபத்திரண்டு ஆனதும் எங்கள் இடத்திலேயே இரண்டாம் அறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். சேர்ந்த முதல் நாள் பலகையில் இருந்த சொல் 'சுயநினைவு'. வாக்கியம் இது: "மூன்றாம் அறையில் மேஸ்திரி சுயநினைவு இழந்து விழுந்துகிடக்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கண்ணைத் திறக்கவில்லை."

பாவம், அந்தப் பெண் அதைப் படித்ததும் நோட்டைக் கீழே போட்டுவிட்டு, கழுவும் இடத்திலிருந்து ஒரு வாளி வெந்நீரைத் தூக்கிக்கொண்டு, "வாங்களேன், யாராவது வாங்களேன்" என்று கத்தியபடி மூன்றாம் அறைக்கு ஓடினாள். மேஸ்திரி அங்கே பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கூடம் முழுக்கச் சிரிப்பு. அவள் முகம் சுண்டிப்போய் நின்றாள். அப்போதுதான் நான் என் வாயைத் திறந்தேன்.

"ஏம்மா, அது பலகைப் பொய்! பலகைல இருக்கறத நம்பக் கூடாது. எழுதிக்கணும், அவ்வளவுதான்."

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் பாடமே அதுதான்: பலகையை நம்பாதே, எழுதிக்கொள். தங்கையும் நாளடைவில் சேர்ந்து சிரிக்கப் பழகினாள். ஆனால் வாளி என்ற சொல்லை யார் எடுத்தாலும் அவளுக்குக் காது சிவக்கும். "இனிமே செத்தாலும் ஓட மாட்டேன் அண்ணே" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

சொற்கள் வரும் விதத்தில் ஒரு விஷயத்தை அக்கா மட்டும் கவனித்துக்கொண்டே வந்தாள். அறிவிப்பு ஒட்டுவதற்கு முன்பே அதிலுள்ள சொல் அவள் கைக்கு வந்துவிடுகிறதே! ஒரு வருடம் 'ஆட்குறைப்பு' என்று வந்தது. இரண்டு வாரம் கழித்துப் பதினாலு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சொல் முன்னால் வரும், விஷயம் பின்னால் வரும். அதனால் சனிக்கிழமை உறையைப் பிரிக்கும்போது அவள் கை கொஞ்சம் தயங்கும்.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்ததும் வந்த உறைகளில், ஒன்றில் 'ஒத்திவைப்பு' இருந்தது. அடுத்ததில் 'காலாவதி'. அதற்கடுத்ததில் 'அரிமானம்', அதோடு 'பொறுப்புத்துறப்பு'. அக்கா நாலையும் ஒரு காகிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஸ்டோர் கவுன்ட்டரில் வைத்து எனக்குக் காட்டினாள்.

"இதச் சேத்துப் படி தம்பி. எதையோ தள்ளிப் போட்டிருக்காங்க. எதுக்கோ தேதி முடிஞ்சு போச்சு. எதுவோ அரிச்சுக்கிட்டு இருக்கு. கடைசில, நாங்க பொறுப்பில்லன்னு கை கழுவப் போறாங்க. என்னன்னுதான் தெரியல."

"நாலு சொல்லை வச்சு ஒரு பேய்க்கதையே கட்டிட்டீங்களே அக்கா" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று ஏதாவது உருப்படியாகப் பேசியிருக்கலாம் நான்.

'அரிமானம்' எழுத வேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை. ஷிப்ட் ஏழரைக்கு. அக்கா வழக்கம்போல ஆறரைக்கே வந்தாள். இரண்டாம் அறையைத் தாண்டும்போது கண் கரித்தது. திரையை விலக்கிப் பார்த்தாள். குழாய் வளையும் இடத்தில் பனி உருகி, அதன் அடியில் இரும்பு பழுப்பாகச் செதில் செதிலாக உரிந்திருந்தது. மூக்கைக் குத்தும் நெடி. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சூப்பர்வைசரிடம் ஓடினாள்.

அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். எதைச் சொன்னாலும் கையைத் திருப்பி மணி பார்ப்பான். 'அவன்' என்று எழுதுகிறேன், மரியாதை குறைவு என்று தோன்றினால் தோன்றிவிட்டுப் போகட்டும்.

"கம்ப்ரெஸர் ஆள் எட்டரைக்கு வருவான், பாத்துக்குவான்" என்றான் மணியைப் பார்த்தபடி.

"ஏழரைக்கு உள்ள பதினோரு பேர் போவாங்க சார். என் தங்கச்சியும் போவா."

"ஒன்பது மணிக்கு லோடு கிளம்பியாகணும். இந்த வாசனை எப்பவும் வர்றதுதான். நீ போய் வாசல்ல நின்னு கூட்டத்தக் கிளப்பினேன்னு வச்சுக்கோ, அக்காவும் தங்கச்சியும் கைகோத்துக்கிட்டு வீட்டுக்குப் போலாம். புரியுதா? போய்ப் பலகைய எழுது."

அவள் பயந்தாள். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இரண்டு பேர் பிழைப்பும் அந்த ஒரு வாசலில் இருந்தது. பயந்தவளுக்கு அந்த நேரத்தில் ஒரு யோசனை வந்தது. வாயால் சொன்னால்தானே கூட்டத்தைக் கிளப்புவது? தன்னைவிடத் தெளிவாக எழுத யாரும் இல்லை என்ற நம்பிக்கை வேறு அவளுக்கு இருந்தது. சாக்பீஸை எடுத்து எழுதினாள்:

"அரிமானம். இரண்டாம் அறைக் குழாயை அரிமானம் அரித்துவிட்டது. துரு செதிலாக உதிர்ந்து, கண் எரியும் நெடி வருகிறது. அதனால் இன்று யாரும் இரண்டாம் அறைக்குள் போகக் கூடாது."

கடிகாரம் பின்னால் வந்து நின்று படித்தான். பிறகு, "நல்லாருக்கு, அர்த்தம் தெளிவா இருக்கு" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துப் பலகையைப் படம் பிடித்தான். அதற்கு முன்பு ஒரு நாளும் அவன் படம் பிடித்ததில்லை. அக்காவை மேலே அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், எதையோ தட்டச்சு செய்யச் சொல்லிக் கூடவே உட்கார்ந்தான். ஏமாந்துவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாளாம். பலகை பேசும், தான் பேச வேண்டியதில்லை என்று சந்தோஷம்கூட வந்ததாம்.

ஏழேகாலுக்கு நாங்கள் வரிசையில் நின்றோம். வாக்கியத்தைப் படித்ததும் நான்தான் முதலில் குரல் கொடுத்தேன்.

"ஆஹா, இன்னைக்குப் பொய் கொஞ்சம் பெருசா இருக்கே! இரண்டாம் அறைக்கு லீவு விட்டுட்டாங்க பலகை அக்கா!"

வரிசையே சிரித்தது. தங்கை எனக்கு மூன்று பேர் முன்னால் நின்றாள். நோட்டைச் சுவரில் வைத்து வேகமாக எழுதினாள். ஒருத்தி அவளை இடித்து, "என்னடி, வாளி எடுக்கலயா?" என்றாள். "போடி, ஒரு தடவ ஓடினது போதும்" என்று அவளும் சிரித்தாள். அட்டை குத்தினாள். ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, திரையை ஒதுக்கி உள்ளே போனாள். நெடி அடிக்கத்தான் செய்தது. அந்த இடத்தில் நெடி இல்லாத நாள் எது?

எட்டு மணி ஐந்து நிமிடம் இருக்கும். ஒரு சத்தம், கனமான டயர் வெடித்த மாதிரி. நான் பெட்டியை வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் அறைத் திரைக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை தரையோடு வந்துகொண்டிருந்தது. பிறகு அலறல். கண்ணைப் பொத்திக்கொண்டு ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து வெளியே வந்தார்கள். சட்டையைத் தண்ணீரில் நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு நானும் மேஸ்திரியும் உள்ளே நுழையப் பார்த்தோம். நாலு அடிக்குமேல் போக முடியவில்லை. மாடிப்படியில் அக்கா செருப்பில்லாமல் இறங்கி ஓடிவந்தாள். வெளியே வந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஒன்பது முகம். பதினோரு பேரில் இரண்டு பேர் வரவில்லை. ஒருவர் தராசில் எடை போடும் பெரியவர். இன்னொருத்தி அவள் தங்கை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அன்று காலை நடந்ததை எல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டு, "அவ்வளவு தெளிவா எழுதினேனே தம்பி, எந்த இடத்துல புரியாமப் போச்சு?" என்று கேட்டாள். எல்லோருக்கும் நன்றாகப் புரிந்தது அக்கா என்று எப்படிச் சொல்வேன்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இரண்டு மாதம் கழித்து விசாரணை வைத்தார்கள். முதல் நாளே நிர்வாகத்தின் வக்கீல் கடிகாரம் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் எங்கள் நோட்டுகளைக் கட்டாக வைத்தார்.

"நிர்வாகம் எழுத்து மூலமா எச்சரிக்கை குடுத்திருக்கு. ஒவ்வொரு தொழிலாளியும் தன் கையாலேயே அத எழுதியிருக்கார். எழுதிட்டு, அதுக்கப்புறமும் உள்ள போயிருக்காங்க. அவங்க அலட்சியத்துக்கு நிர்வாகம் எப்படிம்மா பொறுப்பாகும்?"

விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அதிர்ந்து பேசாதவர். நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு நோட்டை எடுத்து, "இது இறந்துபோன பொண்ணோடது" என்று சொல்லி, அன்றைய தேதியில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். முதலில் பலகை வாக்கியம், ஒரு எழுத்துப் பிசகாமல். அதன்கீழ் அவளுடைய சொந்த வாக்கியம்: "எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியை அரிமானம் அரித்துவிட்டது, பெயின்ட் அடிக்கிறேன் என்று அக்கா ஆறு மாதமாக ஏமாற்றுகிறாள்."

அக்கா மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல் மட்டும் மெதுவாக, "சொல்லோட அர்த்தம் அவங்களுக்கு நல்லாவே புரிஞ்சிருக்கும்மா" என்றார். அந்த ஆளை அங்கேயே அறையத் தோன்றியது. மறுநாள் அக்காவின் வாக்குமூலம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று மாலை அவள் அறைக்குப் போனேன். ஊரில் ஏற்கெனவே அவளைப் பற்றிக் கண்டபடி பேசத் தொடங்கியிருந்தார்கள். நெடி வந்தது தெரிந்தும் மாடியில் போய் உட்கார்ந்தவள், கூடப் பிறந்தவளைக் காவு கொடுத்தவள் என்று.

"நாளைக்கு நேராச் சொல்லிடுங்க அக்கா. எச்சரிக்கையாத்தான் எழுதினேன்னு சொல்லுங்க. உண்மையும் அதுதானே? ஊர் வாய் அடங்கும்."

"அப்ப எச்சரிச்சும் கேக்காமப் போனவ யாருப்பா?" என்றாள்.

அவள் எச்சரித்தாள் என்றால் போனவர்கள்மேல் பழி. எச்சரிக்கவில்லை என்றால் அவள்மேல் பழி, நிர்வாகத்தின்மேலும் பழி. இரண்டுக்கும் நடுவில் வழி இல்லை. எந்தப் பக்கம் போகப் போகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அதிகாரி அம்மா கேட்டார்.

"இத எச்சரிக்கையா எழுதினீங்களா, இல்ல சொல்லுக்கு எடுத்துக்காட்டா எழுதினீங்களா?"

அக்கா எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"எடுத்துக்காட்டும்மா. வெறும் எடுத்துக்காட்டு."

வக்கீல் நிமிர்ந்தார். "இரண்டாம் அறைன்னு குறிப்பா எழுதியிருக்கீங்களே? யாரும் போகக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்களே?"

"எப்பவும் அப்படித்தான் எழுதுவேன் சார். மேஸ்திரி மூணாம் அறைல விழுந்துட்டார்னு எழுதினேன், அவர் டீ குடிச்சுக்கிட்டிருந்தார். நெடி வந்தத சூப்பர்வைசர்கிட்ட வாயால சொன்னேன். அவர் ஆளுங்களுக்குச் சொல்ல வேணாம்னார். நானும் சொல்லல. பலகைல நான் எழுதறது எல்லாம் பொய்தான். அதுக்குப் பேரே பலகைப் பொய். அதோ நிக்கிறாரே, அவர்தான் வச்சார். வேணும்னா கேட்டுக்குங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி அம்மா, "அப்படியா?" என்றார்.

என் வாழ்க்கையில் முதல்தடவையாக வாய் வரவில்லை. அக்கா என்னையே பார்த்தாள். சொல்லுடா என்ற பார்வை. அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு உண்மைதான், தங்கையைக் காப்பாற்றத் தனக்குத் தெரிந்த வழியில் முயன்றாள் என்பது. அதை என் வாயால் பொய்யாக்கச் சொல்கிறாள்.

"ஆமாம்மா" என்றேன். "பலகைய யாரும் நம்ப மாட்டோம். புதுசா வர்றவங்களுக்கு முதல்ல அதைத்தான் சொல்லிக் குடுப்போம். அந்தப் பொண்ணுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அறிக்கை வர ஏழு மாதம் ஆயிற்று. குழாய்ச் சோதனையை இரண்டு முறை ஒத்திவைத்தது, சான்றிதழ் காலாவதியானது, அக்கா சொல்லியும் கடிகாரம் கேட்காதது, எல்லாம் அதில் இருந்தது. பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு காலையிலேயே அக்கா அறைக்குப் போனேன். அவள் வேலையை விட்டு வெகுநாளாகியிருந்தது. தெருவில் இரண்டு பெண்கள் அவள் வாசலைக் காட்டி ஏதோ பேசிவிட்டு, என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அக்கா ஜன்னல் ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உப்புத்தாளால் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கீழே விரித்திருந்த பழைய செய்தித்தாள்மேல் துரு கொட்டிக்கிடந்தது. பெயின்ட் டப்பா இன்னும் திறக்கவில்லை. நான் நின்றபடியே அந்த வரியைத் தேடிப் பிடித்துப் படித்தேன்.

"இறந்தவர்கள் இருவர்மீதும் எந்தத் தவறும் இல்லை."

"இன்னொரு தடவ படி" என்றாள்.

படித்தேன். தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு ஒரு உப்புத்தாளை என் பக்கம் நீட்டினாள்.

"அந்தக் கோடிக் கம்பிய நீ தேய். துருவச் சுரண்டாம அடிச்சா பெயின்ட் நிக்காதுப்பா."